போன் ஸ்கேன் (எலும்பு ஸ்கேன்) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், உம்மாவுக்குப் புற்றுநோயா?

கேள்வி: கீழக்கரை வாசகர், 4 மே 2025

உம்மாவுக்கு 58 வயது. ஏழெட்டு மாதமாக இடுப்பிலும் விலாவிலும் வலி. உட்கார்ந்து எழுந்தால் வலி, இருமினால் வலி, படுத்துப் புரண்டாலும் வலி. எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானம் என்றார்கள். மாத்திரை தீர்ந்தால் வலி திரும்பி வந்துவிடுகிறது. ராமநாதபுரத்தில் இப்போது பார்க்கும் டாக்டர், மதுரைக்குப் போய் போன் ஸ்கேன் எடுத்து வரச் சொல்லிவிட்டார். சொந்தத்தில் ஒரு மாமி, "அது கேன்சருக்கு எடுக்கிறதாச்சே" என்று உம்மா காதுபடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அணுக்கதிர் ஊசி போடுவார்களாமே, அது அவசியமா? எம்ஆர்ஐ எடுத்தால் போதாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 மே, இரவு

தம்பி, மாமி சொன்னது பாதி உண்மை. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க இந்த ஸ்கேன் எடுக்கிறார்கள்தான். மார்பகப் புற்றுநோய், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் இரண்டுக்கும் அதிகம் எடுப்பது உண்டு. ஆனால் எங்கள் கேமராவுக்கு அடியில் வந்து படுப்பவர்களில், வலிக்குக் காரணம் தெரியாமல் அலைந்து வருபவர்களும் நிறையப் பேர். உம்மாவுக்கு இடுப்பில் ஒரு வலி, விலாவில் ஒரு வலி. எம்ஆர்ஐ என்றால் இடுப்புக்குத் தனி, நெஞ்சுக்குத் தனி. இதில் உச்சி முதல் பாதம் வரை ஒரே படுக்கையில் பார்த்துவிடலாம். டாக்டர் அதை நினைத்துத்தான் எழுதியிருப்பார்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. மதுரையில் நியூக்ளியர் மெடிசின் (அணு மருத்துவம்) பிரிவில் டெக்னீசியன். டாக்டர் இல்லை, ரிப்போர்ட் எழுதுபவளும் இல்லை. ஊசி போடுவது, படம் எடுப்பது, நடுவில் உட்கார்ந்திருப்பவர்களோடு பேசுவது, இதுதான் என் வேலை. அந்தப் பேச்சைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

உம்மாவிடம் எதையும் மறைத்துக் கூட்டிப் போகாதீர்கள். பிரிவின் கதவிலேயே கதிர்வீச்சுச் சின்னம் ஒட்டியிருக்கும். அங்கே வந்து முதல்முறையாகத் தெரிந்துகொண்டு நடுங்குபவர்களைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

5 மே, காலை

இது எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

எலும்பு சும்மா கிடக்கும் கட்டை இல்லை. பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும். எங்கே விரிசலோ, சீழோ, கட்டியோ, மூட்டுத் தேய்மானமோ இருக்கிறதோ, அங்கே கட்டும் வேலை மும்முரமாக நடக்கும், ரத்த ஓட்டமும் கூடும். எம்டிபி என்கிற, பாஸ்பேட்டை ஒத்த மருந்தில் டெக்னீசியம்-99எம் என்ற கதிர்ப் பொருளைச் சேர்த்துக் கை நரம்பில் போடுகிறோம். சுவரில் பூச்சு காயாத இடத்தில் தூசி அப்பிக்கொள்கிற மாதிரி, புதிதாக எலும்பு கட்டப்படும் இடத்தில் இந்த மருந்து போய் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து வெளிவரும் காமா கதிரைக் கேமரா வாங்கிப் படமாக்கும். அதிகம் ஒட்டிய இடம் கறுப்பாகத் தெரியும். அதை நாங்கள் ஹாட் ஸ்பாட் என்போம்.

எக்ஸ்ரேயில் எலும்பின் உருவம் தெரியும். ஒரு இடத்தில் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்த பிறகுதான் எக்ஸ்ரே அதைக் கண்ணுக்குக் காட்டும். போன் ஸ்கேன் எலும்பு செய்யும் வேலையைக் காட்டுவதால் அதற்கு வெகு முன்பே பிடித்துவிடும். அதனால்தான் எக்ஸ்ரே நன்றாக இருந்தும் வலி தீராதவர்களை அனுப்புகிறார்கள்.

குறையும் இதிலேதான் இருக்கிறது. வேலை நடக்கிறது என்று சொல்லும், எதனால் நடக்கிறது என்று சொல்லாது. விழுந்து உடைந்ததும் கறுப்பு, காசநோயும் கறுப்பு, முழங்கால் தேய்மானமும் கறுப்பு, புற்றுநோய்ப் பரவலும் கறுப்பு.

5 மே, மதியம்

கதிர்வீச்சுப் பயம் பற்றி.

ஒரு போன் ஸ்கேனில் உடம்புக்குக் கிடைப்பது சுமார் 4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண், காற்று, வானம், சாப்பாடு வழியாக மனிதனுக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் கிடைக்கிறது. ஒன்றே முக்கால் வருடத்தில் தானாகச் சேர்வது ஒரே நாளில் சேர்கிறது, அவ்வளவுதான். சும்மா எடுத்துப் பார்க்கலாம் என்று எடுக்கக் கூடாது. தேவை இருந்தால் பயந்து தள்ளிப் போடவும் கூடாது.

டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதுவும் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். அதனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். அன்று முழுவதும் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் மருமகளைத் துணைக்கு அழைத்து வராதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ஸ்கேன் என்றால் ஊசி போடும் முன்பே சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அங்கேயே சொல்வார்கள்.

கதிர் வருவது ஊசி வழியாக. கேமரா எதையும் அனுப்புவதில்லை, வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறது. ஒரு இடத்தைத் திருப்பித் திருப்பி எடுத்தாலும் கூடுதல் கதிர் இல்லை. கூடவே சிடி ஸ்கேனும் எடுத்தால் மட்டும் அது தனிக் கணக்கு.

பாம்பனிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஊசி போட்டதும் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, ராத்திரி கடலுக்குப் போனா நான் மின்னுவேனா? மின்னினா நல்லது, மீன் தானா வரும்." பக்கத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். மின்ன மாட்டீர்கள் தாத்தா என்றேன். ஏமாந்துபோனார்.

6 மே

அன்றைய நாள் எப்படிப் போகும்: வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. சர்க்கரை நோயாளிகள் பட்டினி கிடந்து மயங்கி விழுந்திருக்கிறார்கள், தயவுசெய்து சாப்பிட்டு வாருங்கள். காலையில் ஊசி. மருந்து எலும்பில் சேரவும் ரத்தத்திலிருந்து கழியவும் சுமார் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு கேமராவில் இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். எம்ஆர்ஐ மாதிரி சத்தமும் இல்லை, குகையும் இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும், எலும்பில் கம்பி வைத்திருந்தாலும் எடுக்கலாம்.

ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் சந்தேகம் என்றால் மூன்று கட்டமாக எடுப்பார்கள். ஊசி போடும்போதே ரத்தம் பாய்வது ஒன்று, சில நிமிடத்தில் ஒன்று, மூன்று மணி நேரம் கழித்து ஒன்று. தோலுக்கடியில் மட்டும் சீழ் என்றால் முதல் இரண்டில் தெரிந்து மூன்றாவதில் மங்கிவிடும். எலும்புக்குள் சீழ் என்றால் மூன்றிலும் தெரியும்.

அரைஞாண் கொடி, தாயத்து, கொலுசு, பையில் சில்லறை, எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். உலோகம் கதிரை மறைத்து அங்கே ஒரு வெள்ளை ஓட்டை மாதிரி காட்டும். கைலியில் ஒரு சொட்டுச் சிறுநீர் பட்டிருந்தாலும் இடுப்பெலும்பில் கறுப்புப் புள்ளி மாதிரி விழும். அப்போது துணியை மாற்றச் சொல்லி மறுபடி எடுப்போம். யாரும் கூச்சப்பட வேண்டாம், தினமும் நடக்கிற விஷயம்.

9 மே

மண்டபத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார், கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்கு முதுகுவலி, இந்த ஸ்கேன் எடுக்கலாமா என்று.

எடுத்த எடுப்பில் வேண்டாம் தங்கச்சி. பாசிக்குப் போகும் பெண்களுக்கு முதுகுவலி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து, ஈரச் சாக்கை இழுத்து வள்ளத்தில் போடுகிற உடம்பு அது. பெரும்பாலும் தசையும் தசைநாரும்தான் வலிக்கும். தசைவலி போன் ஸ்கேனில் தெரியாது. நரம்பு அழுத்தமும் தெரியாது. கால் மரத்துப் போனால், பலம் குறைந்தால், சிறுநீர் மலம் அடங்காமல் போனால் ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி, அங்கே எம்ஆர்ஐதான் பார்ப்பார்கள்.

ஆனால் என் சித்தி கதையைச் சொல்லத்தான் வேண்டும். சின்னப்பாலத்தில் இருக்கிறார், பாசிக்குப் போய் ஓய்ந்தவர். விழவில்லை, அடிபடவில்லை, ஆனால் பிட்டத்துக்கு மேலே திடீரென்று வலி பிடித்து உட்கார முடியாமல் போனது. எக்ஸ்ரேயில் வயசுக்கேற்ற தேய்மானம் என்று முடித்துவிட்டார்கள். சித்தப்பாவும் சரிதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் தேய்த்தும் நிற்காமல்தான் நான் மதுரைக்கு வரவழைத்தேன். படத்தில் முதுகெலும்பின் கடைசியில் உள்ள திரிகத்தில் ஆங்கில எச் (H) எழுத்து தெளிவாக விழுந்தது. இரண்டு பக்கமும் நெடுக விரிசல், நடுவில் குறுக்கே ஒன்று. எங்கள் படிப்பில் அதற்கு ஹோண்டா அடையாளம் என்றே பெயர், கார்ச் சின்னத்தைப் பார்த்து வைத்தது. எலும்பு மெலிந்தவர்களுக்குச் சொந்த உடம்பு பாரத்திலேயே வருகிற முறிவு அது. எக்ஸ்ரேயில் குடலும் காற்றும் மறைத்து எளிதில் கண்ணில் படாது. சித்திக்கு ஓய்வும் எலும்பு மெலிவுக்கு மருந்தும் கொடுத்தார்கள். இப்போது சந்தைக்கு நடக்கிறார்.

10 மே

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னதை எல்லோரும் தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுபது தாண்டியவர், ராத்திரியில் தூங்கவிடாத வலி, காரணமில்லாமல் எடை குறைவு, விடாத காய்ச்சல், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர், இவர்களில் ஒருவராக இருந்தால் வலியைத் தசை என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும். என்ன படம் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

17 மே

இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் நிறையப் பேர் மதுரைக்கு வருகிறார்கள். வருடம் முழுக்க வலியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் இருக்கும்போதுதான் உடம்பைப் பார்க்கிறார்கள். புதுப் பாம்பன் பாலம் ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலேயே ரயில் ஏறிவிடுகிறார்கள், அது ஒரு நிம்மதி.

முதல் நாள் பேச்சைப் பற்றி எழுதுகிறேன் என்றேன் அல்லவா. சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவர். வயது எழுபதை ஒட்டி. புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை கொஞ்சம் கூடுதல், நெஞ்சில் வலி, பரவலா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். படத்தில் இடது பக்க விலாவில் வரிசையாக நாலு கறுப்புப் புள்ளி. கூட வந்த மகன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

அய்யாவை எழுப்பி உட்காரவைத்துக் கேட்டேன், எப்பவாவது விழுந்தீர்களா என்று. இல்லை என்றார். பனையில் இருந்து விழுந்தீர்களா என்று கேட்டேன். "அது விழுகிறதா? வழுக்கினது. மட்டையில மோதிப் பாதியில பிடிச்சுக்கிட்டேன்" என்றார். போன தையில் நடந்ததாம். தரையில் விழுந்தால்தான் அவருக்கு விழுந்த கணக்கு. ஒரே கோட்டில் அடுத்தடுத்த விலாக்களில் புள்ளி விழுந்தால் அது அடிபட்ட முறிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பரவல் என்றால் இப்படி வரிசை பிடித்து நிற்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், விலாவின் நீளத்தில் ஓடும். அவர் சொன்னதை அப்படியே எழுதி ரிப்போர்ட் எழுதும் டாக்டரிடம் கொடுத்தேன். அந்த இடத்தைச் சிடியோடு சேர்த்து எடுத்தார்கள். ஆறிவரும் முறிவு.

இதனால்தான் சொல்கிறேன்: படம் இடத்தைக் காட்டும், காரணத்தில் பாதியை நோயாளி வாய்தான் சொல்லும். எங்கே விழுந்தீர்கள், எந்தப் பல் பிடுங்கினீர்கள், எந்த மூட்டில் ஊசி போட்டார்கள், எந்த வருடம் கை உடைந்தது, எல்லாம் எங்களுக்கு வேண்டும். சின்ன விஷயம் என்று நீங்களே கழித்துக்கட்டாதீர்கள். பழைய எக்ஸ்ரே, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

18 மே

ஒருவர் போன் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, எண் இவ்வளவு வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அய்யா, அது எலும்பு அடர்த்திப் பரிசோதனை. டெக்ஸா என்பார்கள். எலும்பு மெலிந்திருக்கிறதா என்று அளப்பது. ஊசி கிடையாது. வலி எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லாது. உங்கள் சீட்டில் வெறும் போன் ஸ்கேன் என்று எழுதியிருந்ததால் சென்டரில் அவர்களுக்குத் தெரிந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பணமும் போய், பயணமும் வீண். சீட்டில் எம்டிபி போன் ஸ்கேன் என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள், என்ன சந்தேகத்துக்கு எடுக்கிறோம் என்று ஒரு வரியும் சேர்த்து. அந்த ஒரு வரி இல்லாமல் வரும் சீட்டுகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

2 ஜூன்

தேவிபட்டினத்துத் தம்பி, போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறார், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, பயிற்சியாளர் ஓடு என்கிறார்.

ஓடாதே தம்பி. ஓயாத பாரத்தால் வரும் நுண் முறிவு எக்ஸ்ரேயில் இரண்டு மூன்று வாரம்கூடத் தெரியாமல் இருக்கும். போன் ஸ்கேனில் இரண்டு மூன்று நாளிலேயே தெரியும். ஒரே இடத்தில் திரண்டு கறுத்திருந்தால் நுண் முறிவு. எலும்பின் பின்விளிம்பு நெடுக மெல்லிய கோடாக ஓடினால் எலும்பு உறை இழுபட்ட வீக்கம், அது அவ்வளவு பயமில்லை. விரலால் ஒரே இடத்தில் அழுத்தினால் உயிர் போகிறது என்றால் முதலாவதைச் சந்தேகப்படு. இப்போதெல்லாம் இதற்கு எம்ஆர்ஐயே முதலில் எடுக்கச் சொல்கிறார்கள். கதிரும் கிடையாது, எலும்புக்குள் நீர் கோத்திருப்பதையும் காட்டும். ஒரே ஒரு கால், ஒரே ஒரு இடம் என்னும்போது நானும் அதையே சொல்வேன்.

14 ஜூன்

தடைக்காலம் இன்றோடு முடிகிறது. பெரியபட்டினத்து அண்ணன் ஒருவர் சங்கு குளிப்பவர்களின் தோள்வலி பற்றிக் கேட்டிருந்தார். இதை நான் விரிவாக எழுதியாக வேண்டும், நம் கரையில் பேசாமல் கிடக்கிற விஷயம்.

கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்து நீண்ட நேரம் அடியில் இருப்பவர்களுக்கு, அழுத்தக் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. சடக்கென்று மேலே வந்தால் அது குமிழாகி ரத்தக் குழாயை அடைக்கிறது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் கொழுப்பு அதிகம். தோள் எலும்பின் தலை, தொடை எலும்பின் தலை இரண்டுக்கும் மாற்று ரத்த வழி குறைவு. அந்தப் பகுதி மெல்லச் செத்துப்போகும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் எல்பே ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்றில் சுரங்கம் தோண்டியவர்களிடம் 1911-ஐ ஒட்டி இதைக் கண்டு எழுதினார்கள். மூச்சடக்கி முங்கி வருபவர்களைவிடக் குழாய் வைத்து முங்குபவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

தொடக்கத்தில் வலியே இருக்காது. வலி வரும்போது மூட்டின் வளைவு அமுங்கத் தொடங்கியிருக்கும். போன் ஸ்கேனில் முதலில் ரத்தம் போகாத இடம் வெறுமையாகத் தெரியும், பிறகு சுற்றிலும் எலும்பு கட்ட முயலும்போது வளையமாகக் கறுக்கும். எம்ஆர்ஐ இதை இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால் நாலு மூட்டிலும் சந்தேகம் இருந்தால் முழு உடம்புப் படம் ஒரே நாளில் உதவும்.

சங்கு குளித்துவிட்டு மேலே வந்தவுடன் மூட்டு வலித்தால் சிலர் மறுபடியும் தண்ணீருக்குள் போய் இருந்துவிட்டு வந்தால் சரியாகும் என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உயிருக்கு ஆபத்து. இன்னொன்று, வலி போக்கும் பொடி, பெயர் எழுதாத மாத்திரை என்று கடையில் வாங்கிச் சாப்பிடுவது. பல நேரம் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. வலி அடங்கியது போலிருக்கும், அதே தொடையெலும்புத் தலையை அந்த மருந்தே சாகடிக்கும். இருபது முப்பது வயதுப் பையன்கள் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

22 ஜூன்

மழைபோலக் கேள்விகள். ஒன்றுக்கு மட்டும் பதில்: இந்த மருந்தைக் கண்டுபிடித்தது யார்?

டெக்னீசியம் என்ற தனிமத்தை 1937-இல் இத்தாலியில் பெரியர், செக்ரே என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டார்கள். முன்பு எலும்புக்கு ஸ்ட்ரான்சியம்-85 போட்டுப் படம் எடுத்தார்கள். அது பாதியாக 65 நாள் ஆகும் என்பதால் கொஞ்சமாகத்தான் போட முடியும், படமும் மங்கல். 1971-இல் அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்தில் சுப்பிரமணியன், மெக்காஃபி இருவரும் டெக்னீசியத்தைப் பாஸ்பேட்டோடு சேர்த்து எலும்புக்குள் கொண்டுபோனார்கள். எம்டிபியும் 1975-இல் அவர்கள் குழுவிலிருந்து வந்ததுதான். நான் படிக்கும்போது சுப்பிரமணியன் என்ற பெயரைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் பிரிவில் மாலிப்டினம்-99 அடைத்த ஜெனரேட்டர் இருக்கும். அது 66 மணி நேரத்தில் பாதியாகி டெக்னீசியத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் உப்புநீர் விட்டு அதைக் கறந்து எடுக்கிறோம், கறப்பது என்றுதான் நாங்களும் சொல்கிறோம். மாலிப்டினம் உலகத்தில் சில அணு உலைகளில் மட்டும்தான் கிடைக்கும். 2009-இல் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதாகி ஒரு வருடத்துக்கு மேல் நின்றபோது உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. அதனால் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தால் அன்றைக்கே வாருங்கள். நீங்கள் வராவிட்டால் உங்களுக்காகக் கறந்த மருந்தை மறுநாளுக்கு எடுத்து வைக்க முடியாது.

6 ஜூலை

கீழக்கரைத் தம்பி எழுதியிருக்கிறார். உம்மாவுக்கு ஸ்கேன் ஆகிவிட்டது. இரண்டு பக்க விலாக்களிலும் பல இடத்தில், திரிகத்தில், இடுப்பெலும்பின் முன்பக்கத்தில், ஒரு தொடையெலும்பின் கழுத்தில் உள்பக்கமாகக் கறுப்பு. ரிப்போர்ட்டில் பரவலுக்கு வாய்ப்பு உண்டு, ரத்தப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறதாம். தம்பி முதல் பாதியோடு நிறுத்திவிட்டார். வீடே அழுகிறதாம்.

தம்பி, அந்த வரியின் பின்பாதியையும் படியுங்கள். நான் நோய் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இடங்களைப் பார்த்தவுடன் என் மனதில் பரவல் மட்டும் வரவில்லை. விலாக்கள், இடுப்பெலும்பின் முன்பக்கம், தொடைக் கழுத்தின் உள்பக்கம், இவை வைட்டமின் டி குறைந்து எலும்பு மிருதுவாகும் நோயில் பொய்முறிவு (முறிவு போலத் தெரியும் கோடு) விழும் இடங்கள். அது பரவல் மாதிரியே வேஷம் போடும். கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பேட்டேஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரகப் பரிசோதனை, எல்லாம் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூடவே ரத்தப் புரதப் பரிசோதனையும். அதற்குக் காரணத்தை அடுத்து எழுதுகிறேன். உம்மா எவ்வளவு நாளாக வெளியே வெயிலில் இறங்கவில்லை, பால் மோர் உண்டா, வலிப்புக்கு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா, இதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள்.

அழ வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ரத்தப் பரிசோதனை வரும்வரை உம்மாவிடம் முடிவு தெரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், அதுதான் உண்மை.

7 ஜூலை

திருவாடானையிலிருந்து ஒருவர், அவர் மாமனாருக்கு போன் ஸ்கேன் சுத்தமாக வந்ததால் கேன்சர் இல்லை என்று நிம்மதியாக இருப்பதாக எழுதியிருக்கிறார். அப்படி முடிவு கட்டாதீர்கள். மைலோமா என்று மஜ்ஜையில் வரும் புற்றுநோய் எலும்பை அரிக்கும், ஆனால் புதிதாகக் கட்டும் வேலையைத் தூண்டாது. அதனால் எலும்பில் ஓட்டை இருந்தும் எங்கள் படத்தில் தெரியாமல் போகலாம். முதுகுவலி, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு மூன்றும் சேர்ந்தால் ரத்தத்திலும் சிறுநீரிலும் புரதம் பார்ப்பார்கள், படத்துக்குச் சிடியோ எம்ஆர்ஐயோ பெட் (PET) ஸ்கேனோ எடுப்பார்கள். மாமனாருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே கேளுங்கள்.

20 ஜூலை

உம்மாவின் முடிவு வந்துவிட்டது. வைட்டமின் டி மிகமிகக் குறைவு, பாஸ்பரஸ் குறைவு, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் பல மடங்கு கூடுதல், பாராதைராய்டு ஹார்மோனும் கூடுதல். புரதப் பரிசோதனையில் கெடுதல் இல்லை. மார்பகப் படமும் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்களாம். தொடைக் கழுத்தைத் தனியாக எக்ஸ்ரே எடுத்ததில் பொய்முறிவின் கோடு தெரிந்திருக்கிறது. வைட்டமின் டியும் கால்சியமும் தொடங்கிவிட்டார்கள். தொடை முறியாமல் இருக்கக் கொஞ்ச நாள் கைத்தடி.

தம்பி, படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சுள்ளென்று வெயில் அடிக்கிற கரையில் இருந்துகொண்டு வெயில் சத்துக் குறைவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெயில் முற்றத்தில்தான் அடிக்கிறது, அடுப்படிக்குள் வருவதில்லை. கறுத்த தோலுக்கு வெயில் அதிக நேரம் வேண்டும். உடம்பு முழுக்க மூடிய உடை, வாசலுக்கு வராத நாட்கள், கால்சியம் குறைந்த சாப்பாடு, எல்லாம் சேர்கிறது. இந்த ஊர் அந்த ஊர் என்று இல்லை, இந்தியா முழுக்க இருக்கிற குறை. சாளை மீனில் வைட்டமின் டி உண்டு, சாப்பிடுவது நல்லது. ஆனால் இவ்வளவு இறங்கிய பிறகு மீனை மட்டும் நம்ப முடியாது, மருந்து வேண்டும். யாரும் கடையில் வைட்டமின் டி ஊசி வாங்கி வாராவாரம் போட்டுக்கொள்ளாதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

24 ஆகஸ்ட்

தம்பியின் கடைசிக் கேள்வி: உம்மாவுக்கு வலி பாதி குறைந்துவிட்டது, இருமினால் விலாவைப் பிடித்துக்கொள்வதில்லை. எல்லாம் போய்விட்டதா என்று மறுபடி போன் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

டாக்டர் கேட்காவிட்டால் வேண்டாம். ஆறும்போதும் எலும்பு கட்டும் வேலை நடக்கும், படத்தில் கறுப்பு மாதக்கணக்கில் இருக்கும். அதைப் பார்த்து வீடு மறுபடி பயப்படும். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையிலும் உம்மாவின் நடையிலும் பார்ப்பார்கள். தொடைக் கழுத்துக்கு மட்டும் அவர்கள் சொன்ன தேதியில் எக்ஸ்ரே எடுங்கள், அதைத் தவறவிடாதீர்கள். அதுவரை கைத்தடியை வைக்கச் சொல்லாதீர்கள், வலி இல்லை என்று உம்மாவே சொன்னாலும்.

பழைய ஸ்கேன் ஃபிலிமையும் குறுந்தகட்டையும் பத்திரமாக வையுங்கள். அடுத்து எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல், இந்த ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் சேர்த்துக் கொடுங்கள்.